ஒலெக்சாண்டர் உசிக்: க்ரூசர்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட் வரை, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை வீரர் உசிக்கின் சண்டை ஒன்று முடிந்தால் போதும், மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். சிலர் உண்மையிலேயே தெரியாமல் கேட்பார்கள், சிலர் வம்புக்கென்றே கேட்பார்கள். இரண்டையும் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். அடிப்படையானவை முதலில், வில்லங்கமானவை பின்னால். 2025 முடிய நடந்தவைதான் இதில் இருக்கின்றன.

இந்த உசிக் யாரு? ரஷ்யாக்காரரா உக்ரைன்காரரா?

உக்ரைன்காரர். 1987 ஜனவரி 17 அன்று கிரிமியாவில் இருக்கும் சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். அந்த கிரிமியாவை 2014-ல் ரஷ்யா பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அவரைப் பொறுத்தவரை அதில் குழப்பம் எதுவும் கிடையாது. கொசாக் வீரர்களைப் போலத் தலையைச் சிரைத்து உச்சியில் ஒரு குடுமி மட்டும் விட்டுக்கொண்டு வருவார், ஜெயித்தால் வளையத்துக்குள்ளேயே ஹோப்பாக் என்ற உக்ரைன் நாட்டுப்புற நடனம் ஆடுவார்.

சின்ன வயதில் கால்பந்துதான் ஆடினார், உள்ளூர் தாவ்ரியா கிளப்பின் பயிற்சிப் பள்ளியில். கால்பந்துக்கு ஆகிற செலவு வீட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 15 வயதில் குத்துச்சண்டைக்கு வந்தார். ஒலிம்பிக்ஸ் வரை போகிறவர்களில் பலர் எட்டு, பத்து வயதிலேயே கையுறை மாட்டியிருப்பார்கள் என்பதால் இது கொஞ்சம் தாமதம்தான். ஆனால் அந்தக் கால்பந்து வருடங்கள் வீணாகவில்லை. அவருடைய கால்களைப் பற்றிக் கீழே நிறையப் பேசப்போகிறோம், அப்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

க்ரூசர்வெயிட்னா என்ன? ஹெவிவெயிட்டுக்கும் அதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மொத்தம் 17 எடைப் பிரிவுகள். க்ரூசர்வெயிட் என்பது மேலிருந்து இரண்டாவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உச்ச எடை 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோ. அதற்கு மேல் ஹெவிவெயிட். ஹெவிவெயிட்டுக்கு உச்சவரம்பே கிடையாது என்பதுதான் முக்கியம். 201 பவுண்டு ஆளும் 280 பவுண்டு ஆளும் ஒரே வளையத்தில் நிற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

க்ரூசர்வெயிட் பிரிவே ரொம்பப் பழையது இல்லை. 1979 கடைசியில்தான் முதல் உலகப் பட்டச் சண்டை நடந்தது, அப்போது உச்சவரம்பு 190 பவுண்டு. ஹெவிவெயிட்காரர்கள் வளர்ந்துகொண்டே போனதால் அவர்களிடம் சிக்கிச் சின்னாபின்னமாகும் சற்றுச் சின்ன ஆட்களுக்காகத் திறந்த பிரிவு அது. நல்ல சண்டைகள் நடக்கும், ஆனால் காசும் கூட்டமும் எப்போதும் குறைவு.

ஒரே எடையில நாலு சாம்பியனா? யாரு நிஜ சாம்பியன்?

நியாயமான எரிச்சல். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள் தனித்தனியாகப் பட்டம் கொடுக்கின்றன. 1988-ல் வந்த டபிள்யூபிஓதான் கடைக்குட்டி, அதை மற்றவற்றுக்குச் சமமாக மதிக்கவே பல வருடங்கள் ஆயின. பட்டத்தின் அடையாளம் இடுப்பில் கட்டும் பெல்ட். நான்கு பெல்ட்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் அன்டிஸ்பியூட்டட் சாம்பியன், அதாவது மறுபேச்சில்லாத சாம்பியன்.

உசிக் இதை மூன்று முறை செய்திருக்கிறார்: க்ரூசர்வெயிட்டில் ஒரு தடவை, ஹெவிவெயிட்டில் இரண்டு தடவை. நான்கு பெல்ட் காலத்தில் இந்த இரண்டு எடையிலும் முதல் ஆள் அவர்தான்.

தொழில்முறைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சுட்டு இருந்தார்?

அமெச்சூரில் பெரிய ஆள். 2006 ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது அவர் எடை 75 கிலோ. 2008-ல் அதே போட்டியில் தங்கம், 81 கிலோ. அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கு 91 கிலோவில் போனார். இரண்டு வருடத்தில் 16 கிலோ ஏறியிருக்கிறார், கவனியுங்கள். எடை ஏறுவது இவருக்கு 2019-ல் திடீரென்று வந்த யோசனை இல்லை.

பெய்ஜிங்கில் காலிறுதியில் இத்தாலியின் கிளெமெண்டே ருசோவிடம் தோற்றார். 2011-ல் பாகுவில் உலக சாம்பியன். 2012 லண்டனில் தங்கம், இறுதியில் எதிரே நின்றது அதே ருசோ, 14-11 என்று கணக்குத் தீர்ந்தது. அந்த வழியில் காலிறுதியில் இவரிடம் தோற்றவர் ஆர்தர் பெதர்பியேவ், பின்னாளில் லைட் ஹெவிவெயிட்டை ஆண்ட அதே மனிதர். லண்டனிலிருந்து திரும்புவதற்குள் உசிக்கின் அப்பா இறந்துவிட்டார். இறுதிச் சடங்கில் அந்தத் தங்கப் பதக்கத்தை அப்பாவின் கையில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2013-ல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பாக்ஸிங் என்ற அணிப் போட்டியில் ஜோ ஜாய்ஸ் என்ற பிரம்மாண்டமான பிரிட்டிஷ்காரரை ஐந்து ரவுண்டில் பாயிண்டில் ஜெயித்தார். ஜாய்ஸ் பிறகு ஹெவிவெயிட்டில் பெரிய பெயர் ஆனார். ஆக, தன்னைவிடப் பெரிய ஆளைச் சுற்றவிட முடியும் என்பது உசிக்குக்கு அப்போதே தெரியும்.

க்ரூசர்வெயிட்டுல அப்படி என்ன பெருசா சாதிச்சுட்டார்? அங்க ஆளே இல்லையே?

ஆள் இருந்தார்கள். 2016–18 காலத்து க்ரூசர்வெயிட், என் கணக்கில் அந்தப் பிரிவின் வரலாற்றிலேயே சிறந்த காலங்களில் ஒன்று. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2013 நவம்பரில் கீவ் நகரில் முதல் தொழில்முறைச் சண்டை. 2016 செப்டம்பரில், பத்தாவது சண்டையிலேயே, போலந்தின் க்தான்ஸ்க் போய் அந்த நாட்டுக்காரரான கிஷ்டோஃப் குவோவாட்ஸ்கியிடமிருந்து டபிள்யூபிஓ பெல்ட்டைப் பறித்தார். பின்னாளில் ஹெவிவெயிட்டையும் ஆண்ட அமெரிக்கர் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு இதே எடையில் முதல் பட்டம் வாங்கப் பன்னிரண்டு சண்டை ஆகியிருந்தது.

அப்புறம் வேர்ல்ட் பாக்ஸிங் சூப்பர் சீரிஸ். எட்டுப் பேர், தோற்றவர் வெளியேறும் முறை, கோப்பைக்கு முகமது அலி பெயர். சாம்பியன்கள் ஒருவரை ஒருவர் தவிர்த்துக்கொண்டே காலம் தள்ளும் தொழிலில், எல்லோரையும் பிடித்து ஒரே பெட்டியில் அடைத்தது போன்ற போட்டி. காலிறுதியில் மார்கோ ஹூக்கை பெர்லினில் பத்தாவது ரவுண்டில் நிறுத்தினார். அரையிறுதி 2018 ஜனவரியில் ரீகாவில், லாட்வியாவின் மைரிஸ் பிரியெடிஸோடு, அவர் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால். மூன்று ஜட்ஜ்களின் பாயிண்ட் கணக்கு 115-113, 115-113, 114-114, வெற்றி உசிக்குக்கு. க்ரூசர்வெயிட்டில் உசிக்கை யாராவது நிஜமாகவே நெருக்கினார்கள் என்றால் அது பிரியெடிஸ்தான்.

இறுதிப்போட்டி 2018 ஜூலை 21, மாஸ்கோ. எதிரே இரண்டு பெல்ட்டோடு முராத் கஸியேவ், ஒரே அடியில் ஆளைத் தூக்கும் கை. கிரிமியாவில் பிறந்த உக்ரைன்காரர், 2018-ல், மாஸ்கோவில். சண்டை வெளியே எவ்வளவு பதற்றமோ உள்ளே அவ்வளவு ஒருதலைப்பட்சம்: 120-108, 119-109, 119-109. கஸியேவுக்கு அடிக்க ஆளே கிடைக்கவில்லை, கை ஓங்கும்போது உசிக் வேறு இடத்தில் இருந்தார். அன்று நான்கு பெல்ட்டும் ஒருவரிடம். நவம்பரில் மான்செஸ்டருக்குப் போய் டோனி பெல்லியூவை எட்டாவது ரவுண்டில் சாய்த்ததோடு அந்தப் பிரிவில் அவர் வேலை முடிந்தது.

ஊர்ப் பெயர்களை மறுபடி பாருங்கள். க்தான்ஸ்க், பெர்லின், ரீகா, மாஸ்கோ, மான்செஸ்டர். எல்லாமே எதிராளியின் கோட்டை. தன் ஊரில் தன் ஆட்களை ஜட்ஜாக வைத்து ஏற்றிவிடப்பட்ட சாம்பியன் என்று இவரைச் சொல்லவே முடியாது.

அங்கேயே ராஜாவா இருந்திருக்கலாமே, ஏன் மேல போனார்?

ஜெயிக்க ஆள் மிச்சமில்லை, பணமும் ஹெவிவெயிட்டில்தான் இருக்கிறது. இதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

ஒரு விதி உபயமும் உண்டு. டபிள்யூபிஓ தன் முக்கியமான சாம்பியன் ஒருவர் எடை மாறினால், புதிய எடையில் அவரையே கட்டாயப் போட்டியாளராக, அதாவது சாம்பியன் மோதியே ஆக வேண்டிய ஆளாக, அறிவிக்க இடம் தருகிறது. அப்படித்தான் ஹெவிவெயிட்டில் இரண்டே சண்டை போட்டவர் நேராக அப்போதைய சாம்பியன், பிரிட்டனின் ஆந்தனி ஜோஷுவா முன்னால் போய் நின்றார். ஜோஷுவா அந்த நேரத்தில் டபிள்யூபிசி பெல்ட் வைத்திருந்த இன்னொரு பிரிட்டிஷ்காரர் டைசன் ஃபியூரியோடு மோத வேண்டியது. ஆனால் ஃபியூரி முதலில் டியோன்டே வைல்டரோடு மூன்றாவது முறை மோதியாக வேண்டும் என்று மத்தியஸ்தத் தீர்ப்பு வர, அந்த ஏற்பாடு கலைந்து கதவு திறந்தது.

மேல போக எவ்வளவு எடை ஏத்தினார்? ஜிம்ல உடம்பை ஊதவெச்சாரா?

இங்கேதான் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். 2019 அக்டோபரில் சிகாகோவில் சாஸ் விதர்ஸ்பூனோடு நடந்த முதல் ஹெவிவெயிட் சண்டையில் 215 பவுண்டு. 2021-ல் ஜோஷுவாவோடு 221. 2024 மே மாதம் ஃபியூரியோடு 223 சொச்சம். 2025-ல் பிரிட்டனின் டேனியல் டுபாவோடு சுமார் 227. ஆறு வருடத்தில் பன்னிரண்டு பவுண்டு, ஐந்தரை கிலோ, அதுவும் படிப்படியாக. க்ரூசர்வெயிட் நாட்களில் 200 என்பது தராசில் ஏறும் நாளுக்கான எடை மட்டும்தான். 191 சென்டிமீட்டர் உயர ஆள் தண்ணீரை வற்றவிட்டு அந்த எண்ணுக்கு இறங்குவார், மறுநாள் வளையத்துக்குள் போகும்போது கூடுதலாகவே இருப்பார். அந்த வற்றலை நிறுத்தினாலே பாதி எடை தானாக வந்துவிடும்.

சின்ன எடையிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம், பெரிய ஆட்களைப் போல ஆகப் பார்ப்பது. தசை கூடும், கூடவே மூச்சு வாங்கும், இருந்த வேகமும் போகும். உசிக் பெரிய ஆளாக ஆகவே பார்க்கவில்லை. க்ரூசர்வெயிட் கால்களை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனார், பெரியவர்களை அந்த வேகத்துக்கு ஓடவைத்தார். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

அதெல்லாம் சரி, 20 கிலோ கூட இருக்கிறவனை எப்படி அடிக்கிறார்? விளக்கமா சொல்லுங்க.

முதலில் அவர் சவுத்பா, அதாவது வலது கையும் வலது காலும் முன்னால் வைத்து நிற்பவர். வலதுகைக்காரருக்கு எதிரே நிற்கும்போது இருவருடைய முன்கால்களும் நேருக்கு நேர் வரும். யாருடைய முன்கால் வெளிப்பக்கம் இருக்கிறதோ அவருடைய பின்கைக்கு வழி நேராகத் திறந்திருக்கும். உசிக் சண்டை முழுவதும் அந்த இரண்டங்குல இடத்துக்காகத்தான் ஆடிக்கொண்டே இருப்பார். அடுத்த முறை பார்க்கும்போது முகத்தைப் பார்க்காமல் ஒரு ரவுண்டு முழுக்க அவர் கால்களை மட்டும் பாருங்கள்.

அப்புறம் அந்த முன்கை. அது அடிப்பதைவிடப் பொய்க்குத்துதான் அதிகம் விடும். தொடும், தட்டும், பார்வையை மறைக்கும், திரும்பப் போகும். ஒவ்வொரு பொய்க்கும் 110 கிலோ ஆள் உடம்பை இறுக்கித் தயாராக வேண்டும், பிறகு தளர்த்த வேண்டும், மறுபடி நிலை எடுக்க வேண்டும். அடி விழாமலேயே சோர்வு வரும். எட்டாவது, ஒன்பதாவது ரவுண்டில் பெரிய உடம்புக்கு எரிபொருள் தீரும் சமயத்தில் இவர் வேகத்தைக் கூட்டுவார். பெல்லியூ விஷயத்தில் அதுவே நடந்தது: நிறுத்தப்படும்வரை இரண்டு ஜட்ஜ்களின் கணக்கில் பெல்லியூ முன்னால் இருந்தார். ஜோஷுவாவிடமும் அதேதான், பன்னிரண்டாவது ரவுண்டு மணி அடிக்கும்போது கயிற்றோரம் மாட்டிக்கொண்டு அடி வாங்கிக்கொண்டிருந்தது ஜோஷுவா.

சிசோரா சண்டையைப் பார்த்தேன், ரொம்ப சுமாரா இருந்துச்சே?

ஆமாம், 2020 அக்டோபர், லண்டன் வெம்ப்லி அரீனா, கொரோனா காலம், பார்வையாளர் இல்லை. டெரெக் சிசோரா முதல் சில ரவுண்டுகளில் தலையைக் குனிந்துகொண்டு முட்டித் தள்ளினார். உசிக் 117-112, 115-113, 115-113 என்று ஜெயித்தார். அன்று பாதிப் பேர் “ஹெவிவெயிட்டில் இவர் தேற மாட்டார்” என்று எழுதினார்கள். என் பார்வையில் அது ஒத்திகை. பெரிய உடம்பின் தள்ளலை எவ்வளவு தாங்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று அவருக்குத் தெரிய அப்படி ஒரு முரட்டு ஆள் தேவைப்பட்டார்.

ஜோஷுவாவை ரெண்டு தடவை ஜெயிச்சது அதிர்ஷ்டமா?

ஒரு தடவை என்றால் வாதாடலாம். 2021 செப்டம்பர் 25, டாட்டன்ஹாம் மைதானம், லண்டன்காரர்கள் நிறைந்த கூட்டம். ஜோஷுவா ஒலிம்பிக் சாம்பியன், 198 சென்டிமீட்டர், 240 பவுண்டு, கையில் மூன்று பெரிய பெல்ட். மூன்று ஜட்ஜும் உசிக்குக்கே கொடுத்தார்கள். ஜோஷுவா அன்று தன் உடம்பைப் பயன்படுத்தாமல் உசிக்கோடு குத்துச்சண்டை நுணுக்கப் போட்டி போடப் பார்த்தார். கச்சேரிக்குப் போய்ப் பாடகரோடு பாட்டுப் போட்டி வைத்த மாதிரி.

2022 ஆகஸ்டில் ஜெட்டாவில் மறுபோட்டி. இந்த முறை ஜோஷுவா உடம்பில் குறிவைத்து அடித்தார், ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கை நிஜமாகவே சிரமப்படுத்தினார். நான் பார்த்த வரையில் உசிக்கின் சிறந்த ரவுண்டு அதற்கு அடுத்ததுதான், பத்தாவது. அடி வாங்கிய அடுத்த மூன்று நிமிடத்தில் அவ்வளவு வேகமாகத் திருப்பிக் கொடுத்தவரை ஹெவிவெயிட்டில் அடிக்கடி பார்க்க முடியாது. ஒரு ஜட்ஜ் ஜோஷுவாவுக்கு 115-113 கொடுத்தார், மற்ற இருவர் உசிக்குக்கு. முடிவு அறிவித்ததும் ஜோஷுவா இரண்டு பெல்ட்டைத் தூக்கி வளையத்துக்கு வெளியே போட்டுவிட்டு மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்தது தனிக் கூத்து.

நாட்டுல போர் நடக்கும்போது இவர் மட்டும் எப்படி வெளிநாடு போய் சண்டை போட்டார்?

இதை வம்புக்குக் கேட்பவர்களே அதிகம். 2022 பிப்ரவரியில் படையெடுப்பு தொடங்கியபோது அவர் உக்ரைனுக்கு வெளியே இருந்தார், உடனே திரும்பிப் போய் கீவ் பிரதேசப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து துப்பாக்கியோடு காவல் நின்றார். கீவ் அருகே வோர்செலில் இருந்த அவர் வீட்டுக்குள் ரஷ்யச் சிப்பாய்கள் புகுந்து தங்கினார்கள். சண்டைக்குப் போக அவருக்கு மனமில்லை என்றும், மருத்துவமனையில் பார்த்த காயம்பட்ட வீரர்கள்தான் “போய் நாட்டுக்காக மோது” என்று சொன்னார்கள் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அரசு அனுமதியோடுதான் கிளம்பினார். முந்தைய பதிலில் சொன்ன ஜெட்டா சண்டைக்கான பயிற்சி அப்படித்தான் நடந்தது.

2023-ல டுபா அடிச்சது சரியான அடிதானே? அன்னைக்கே தோத்திருக்க வேண்டியவர்தானே?

எத்தனை தடவை பார்த்தாலும் கூட்டம் இரண்டாகப் பிரியும். 2023 ஆகஸ்ட், போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப். ஐந்தாவது ரவுண்டில் டேனியல் டுபாவின் வலது கை உசிக்கின் அரைக்கச்சை விளிம்பில் பட்டது, உசிக் சுருண்டு விழுந்தார். ரெஃபரி லூயிஸ் பபோன் அதை இடுப்புக்குக் கீழ் அடி என்று அறிவித்து மீள நேரம் கொடுத்தார். அப்படிப்பட்ட அடிக்கு ஐந்து நிமிடம் வரை அனுமதி உண்டு, உசிக் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு எழுந்தார். ஒன்பதாவது ரவுண்டில் டுபாவை முடித்தார். டுபா தரப்பு முறையிட்டது, முடிவு மாறவில்லை.

என் கருத்து: கச்சையின் மேல்விளிம்பு உயரமாக இருந்தது, அடி எல்லைக்கோட்டிலேயே விழுந்தது. நல்ல அடி என்று ரெஃபரி எண்ணத் தொடங்கியிருந்தால் யாரும் அவரை முட்டாள் என்று சொல்லியிருக்க முடியாது. உசிக் பத்து எண்ணுவதற்குள் எழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாத விஷயம். ஆனால் இந்த வழக்குக்கு ஒரு மேல்முறையீடு நடந்தது, அதைக் கீழே பாருங்கள்.

ஃபியூரி முதல் சண்டையில அந்த எண்ணிக்கை மட்டும் இல்லேன்னா ஃபியூரிதானே ஜெயிச்சிருப்பார்?

இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். 2024 மே 18, ரியாத். ஜட்ஜ்களின் கணக்கு: உசிக்குக்கு 115-112, ஃபியூரிக்கு 114-113, உசிக்குக்கு 114-113. ஒரு ரவுண்டை ஜெயித்தால் 10-9, எதிராளி விழுந்து ரெஃபரி எண்ணும்படி ஆனால், அதாவது எண்ணிக்கை வாங்கினால், 10-8. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி எண்ணிக்கை வாங்கினார். அது இல்லாமல் அந்த ரவுண்டு வெறும் 10-9 ஆகியிருந்தால், ஃபியூரிக்கு எல்லாக் கணக்கிலும் ஒரு பாயிண்ட் கூடும்: 115-113 உசிக், 115-113 ஃபியூரி, மூன்றாவது 114-114. அதாவது டிரா. ஃபியூரி வெற்றி இல்லை.

எண்ணியது சரியா என்பது அடுத்த சந்தேகம், ஏனென்றால் ஃபியூரி தரையில் விழவே இல்லை. விதிப்படி, கயிறு தாங்காவிட்டால் விழுந்திருப்பார் என்ற நிலையில் ஒருவர் இருந்தால் அதுவும் விழுந்த கணக்குதான். இடது கை தாடையில் பட்டதிலிருந்து ஃபியூரி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கயிற்றிலேயே உருண்டு போனார். ரெஃபரி மார்க் நெல்சன் அந்த நேரத்தில் நுழைந்து எண்ணியது ஃபியூரியைக் காப்பாற்றியது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி. இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தால் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

நடுவில் நான்காவது முதல் ஏழாவது வரை ஃபியூரி அழகாக ஆடினார், வயிற்றில் ஏறிய அப்பர்கட்கள் உசிக்கை வாட்டின. அதை மறைக்க வேண்டியதில்லை. டிசம்பர் மறுபோட்டியில் ஃபியூரி 281 பவுண்டில் வந்தார், உசிக் 226, இருவரும் உடையோடு தராசில் ஏறிய எடை. மூன்று ஜட்ஜும் 116-112 உசிக். அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த புகார்களில் எனக்குச் சுவாரஸ்யம் இல்லை.

அன்டிஸ்பியூட்டட் ஆன அடுத்த மாசமே ஒரு பெல்ட்டை விட்டுட்டாரே, பயமா?

பயம் இல்லை, காலண்டர். ஒவ்வொரு அமைப்பும் தன் கட்டாயப் போட்டியாளரோடு மோதச் சொல்லும், நான்கும் ஒரே நேரத்தில் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான். ஐபிஎஃப் தன் ஆளோடு மோதச் சொன்னது, ஃபியூரியோடு மறுபோட்டிக்கு ஒப்பந்தம் இருந்தது, 2024 ஜூனில் ஐபிஎஃப் பெல்ட்டை விட்டார். அது போய்ச் சேர்ந்த இடம் டேனியல் டுபா. டுபாவும் சும்மா வைத்துக்கொள்ளவில்லை, செப்டம்பரில் வெம்ப்லியில் ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்துத் தன் பட்டத்துக்கு மதிப்புச் சேர்த்தார்.

மேலே சொன்ன மேல்முறையீடு இதுதான்: 2025 ஜூலை 19, வெம்ப்லி மைதானம், நான்கு பெல்ட்டும் பணயம். 27 வயது டுபா, 38 வயது உசிக். ஐந்தாவது ரவுண்டில் இரண்டு முறை விழுந்தார் டுபா, இரண்டாவது முறை எழவில்லை. முடித்த அந்த இடது கை அடிக்குப் பெயர் “இவான்” என்று உசிக் சிரித்துக்கொண்டே சொன்னார். அரைக்கச்சை விவாதம் அதோடு எங்கள் குழுவில் பெருமளவு அடங்கியது. அதே வருடம் நவம்பரில் டபிள்யூபிஓ பெல்ட்டையும் விட்டார், அது இடைக்கால சாம்பியனாக இருந்த ஃபேபியோ வார்ட்லிக்குப் போனது. அப்போது உசிக் கணக்கு 24 சண்டை, 24 வெற்றி, 15 நாக் அவுட்.

இதையெல்லாம் ஹோலிஃபீல்டு எப்பவோ செஞ்சுட்டாரே அண்ணே?

செய்தார், மரியாதை அவருக்கு உண்டு. 1988-ல் கார்லோஸ் டி லியோனை ஜெயித்து க்ரூசர்வெயிட்டில் அப்போதிருந்த மூன்று பெல்ட்டையும் சேர்த்தார், 1990 அக்டோபரில் பஸ்டர் டக்ளஸை மூன்றாவது ரவுண்டில் சாய்த்து ஹெவிவெயிட்டிலும் மறுபேச்சில்லாத சாம்பியன் ஆனார். இந்த வழியைப் போட்டவர் அவர்தான். அன்று ஹோலிஃபீல்டு 208 பவுண்டு, டக்ளஸ் 246.

வித்தியாசம் இரண்டு. ஹோலிஃபீல்டு உடம்பைத் திட்டமிட்டு ஏற்றிக்கொண்டு, பெரியவர்களோடு நின்று அடித்துக்கொள்ளும் வழியை எடுத்தார், ரிடிக் போ என்ற பெரிய ஆளிடம் தோற்று அதற்கு விலையும் கொடுத்தார். உசிக் வழி என்ன என்று எடை பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். இரண்டாவது, ஹோலிஃபீல்டு தோற்றும் மறுபடி எழுந்து நான்கு முறை ஹெவிவெயிட் பட்டம் பிடித்தவர், உசிக் இன்னும் தோற்கவே இல்லை. யார் பெரியவர் என்பதில் எனக்கு உசிக், எங்கள் குழுவில் வயதில் மூத்தவர்கள் எல்லோருக்கும் ஹோலிஃபீல்டு. சண்டை ஓய்கிற மாதிரி தெரியவில்லை.

பக்கியாவ் எட்டு எடையில சாம்பியன். வெறும் ரெண்டு எடைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவ் அதிசயம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கீழே இருக்கும் பிரிவுகளுக்கு நடுவே மூன்று, நான்கு, ஐந்து பவுண்டுதான் இடைவெளி. பக்கியாவின் முதல் உலகப் பட்டம் 112 பவுண்டு பிரிவில், எட்டாவது எடை 154 பவுண்டு பிரிவில். மொத்தம் 42 பவுண்டு ஏற்றம், பத்து வருடத்துக்கும் மேலாக.

ஃபியூரி மறுபோட்டியில் வளையத்துக்குள் நின்ற இரண்டு பேருக்கு நடுவே இருந்த வித்தியாசம் மட்டும் 55 பவுண்டு. பக்கியாவ் தன் வாழ்நாளில் ஏறிய முழு ஏணியைவிட அதிகம், ஒரே இரவில், எதிரே. இதைச் சொன்னதும் பக்கியாவ் ரசிகர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபிக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு கஷ்டம்.

நான் ஒண்ணுமே பார்த்ததில்ல. எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

கஸியேவ் சண்டையிலிருந்து. அதில் எதிராளி அவர் எடை, ஆகவே கால் வேலை கலப்படம் இல்லாமல் தெரியும். அடுத்து ஜோஷுவா முதல் சண்டை, பிறகு ஃபியூரி முதல் சண்டை. இரண்டு டுபா சண்டையையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். பிரியெடிஸ் சண்டையை இதெல்லாம் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ரவுண்டு ரவுண்டாக நீங்களே ஒரு தாளில் பாயிண்ட் போட்டுக்கொண்டு பார்த்தால் அதில்தான் ருசி அதிகம். வர்ணனைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது, பிரிட்டிஷ் வர்ணனையாளர்கள் பல ரவுண்டுகளில் தங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று மட்டும்தான் பேசுவார்கள்.